51 தோல்வி, ஒரு விதி: மெல்பர்ன் பல்கலைக்கழக ஃபுட்டி கிளப்பின் கதை

மெல்பர்ன் நகரின் நடுவிலிருந்து 19ஆம் எண் டிராம் பிடித்து வடக்கே போனால், ராயல் பரேட் சாலையின் வலது கைப் பக்கம் பல்கலைக்கழகம் வரும். கல்லூரி விடுதிகளை ஒட்டி முட்டை வடிவத்தில் ஒரு மைதானம். குளிர்காலத்தில் சனிக்கிழமை மதியம் அங்கே போய் நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஆட்டத்தின் முக்கால் பாகம் முடிந்து சைரன் ஊதியதும் பார்வையாளர்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் நடப்பார்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். நடுவில் சேறும் வியர்வையுமாக ஆட்டக்காரர்கள் தோளில் கை போட்டு வட்டமாக நிற்பார்கள். ஒருவர் நறுக்கிய ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார். பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்துவார். அவரைச் சுற்றி அப்பா அம்மாக்கள், தோழிகள், நாற்பது வருடம் முன்னால் இதே சட்டையைப் போட்டு ஆடிய பெரியவர்கள், கயிற்றில் கட்டிய நாய்கள் என ஒரு கூட்டம் காது கொடுத்துக் கேட்கும்.

லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் இது நடக்காது. அங்கே ஆட்டக்காரருக்குச் சம்பளம், பார்ப்பவருக்கு டிக்கெட், நடுவில் வேலி. இங்கே ஆடுகிறவருக்கு ஒரு காசு கிடையாது. வருடா வருடம் அவர்தான் கிளப்புக்குச் சந்தா கட்டுகிறார்.

கறுப்பும் நீலமும் அணியும் இந்தப் பல்கலைக்கழக கிளப், ஒரு காலத்தில் எம்.சி.ஜி. என்னும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தையே சொந்த மைதானமாக வைத்து நாட்டின் மிகப் பெரிய லீக்கில் ஆடியது. அங்கே தொடர்ந்து 51 ஆட்டங்களில் தோற்றுவிட்டு வெளியேறியது. அந்த 51 இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. கிளப்பின் பெயரை எடுத்தாலே எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். தோல்வி ஏன் வந்தது என்று பார்த்தால் வேறு ஒரு கதை கிடைக்கிறது. அந்தக் கதைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியாவுக்கே உரிய கால்பந்து. பக்கத்துக்கு 18 பேர். ரக்பி பந்து மாதிரி நீள்வட்டப் பந்து. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரக் கம்பங்களுக்கு இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. கையால் எறியக் கூடாது. ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவரை யாரும் தொட முடியாது, நிதானமாக உதைக்கலாம். அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பிப் பிடிக்கும் மார்க்குக்குத்தான் கூட்டம் எழுந்து நிற்கும்.

இந்த ஆட்டத்துக்கு முதன்முதலில் விதி எழுதியவர்களில் பெரும்பாலோர் படித்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1859 மே 17ஆம் தேதி, மெல்பர்ன் ஃபுட்பால் கிளப்பின் உறுப்பினர்கள் சிலர் பரேட் ஹோட்டலில் கூடி 10 விதிகளை எழுதினார்கள். டாம் வில்ஸ் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் படித்தவர். ஹேமர்ஸ்லி, தாம்ப்சன் இருவரும் கேம்பிரிட்ஜ். தாமஸ் ஸ்மித் டப்ளினின் டிரினிட்டி கல்லூரி. அதற்கு முந்தைய வருடம், 1858 ஆகஸ்டில், இரண்டு பள்ளிகளுக்கு இடையே பக்கத்துக்கு 40 பேர் வைத்து ஒரு ஆட்டம் நடந்தது. அதற்கு நடுவர்கள் வில்ஸும் ஜான் மக்கடாம் என்ற வேதியியல்காரரும். மக்கடாமியா பருப்புக்குப் பெயர் கொடுத்த அதே மக்கடாம்தான். பல்கலைக்கழகமும் அப்போது புதுசு. 1853இல் தொடங்கி 1855இல் வகுப்பு ஆரம்பித்திருந்தது. விதி எழுதிய அதே 1859ஐத்தான் பல்கலைக்கழக கிளப் தன் பிறந்த வருடமாகச் சொல்கிறது. உலகத்தில் எந்த வகைக் கால்பந்தாக இருந்தாலும் அவ்வளவு பழைய கிளப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

ஆனால் மாணவர் கிளப்புக்கு ஒரு பிரச்சினை பிறவியிலேயே உண்டு. ஆள் நிற்க மாட்டான். நான்கைந்து வருடம் படிப்பான், பட்டம் வாங்குவான், டாக்டராகவோ வக்கீலாகவோ ஏதாவது ஊருக்குப் போய்விடுவான். அதனால் முதல் ஐம்பது வருடம் கிளப் ஒரு நிலையில் இருக்கவில்லை. 1885 முதல் 1888 வரை அன்றைய பெரிய போட்டியான விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷனில் ஆடியது, விலகியது. பிறகு அதற்குக் கீழ் நிலையில் இருந்த மெட்ரோபாலிடன் ஜூனியர் ஃபுட்பால் அசோசியேஷனில் ஆடியது. ஜூனியர் என்றதும் சிறுவர் ஆட்டம் என்று எண்ண வேண்டாம். சீனியர் லீக்குக்கு ஒரு படி கீழ் என்றுதான் அர்த்தம். 1892இல் தொடங்கிய அந்தச் சங்கம் இந்தக் கதையின் முடிவில் திரும்ப வரும்.

1897இல் எட்டு கிளப்புகள் தனியாகப் பிரிந்து விக்டோரியன் ஃபுட்பால் லீக் (வி.எஃப்.எல்.) என்று ஆட ஆரம்பித்தன. இன்றைய ஏ.எஃப்.எல்., அதாவது ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக், அதன் தொடர்ச்சி. 1908இல் லீக் இரண்டு புதிய கிளப்புகளைச் சேர்த்தது. ஒன்று ரிச்மண்ட், தொழிலாளர்கள் நெருக்கி வாழ்ந்த புறநகர். இன்னொன்று பல்கலைக்கழகம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். ஒரே வருடம், ஒரே வாசல் வழியாக உள்ளே போனவர்கள். ஏழு வருடத்தில் ஒருவர் வெளியே போய்விட்டார். மற்றவர் 1920, 1921 இரண்டு வருடமும் கோப்பையை வென்றார்.

பல்கலைக்கழக அணிக்கு ஆட ஒரு தகுதி வேண்டும்: பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது பட்டம் பெற்றிருக்க வேண்டும். மற்ற கிளப்புகள் ஊரிலுள்ள எந்த வாட்டசாட்டமான பையனையும் கூப்பிட்டுக்கொள்ளலாம், இவர்களால் முடியாது. இன்னொன்று, யாருக்கும் பணம் கிடையாது. அதில் அப்போது வித்தியாசம் ஒன்றும் இல்லை. லீக்கின் விதியே எல்லாக் கிளப்புக்கும் அதைத்தான் சொன்னது. மற்ற கிளப்புகளில் மறைவாகக் கை மாறும் பணம் ஊரறிந்த ரகசியம், அவ்வளவுதான்.

அப்படியும் முதல் மூன்று வருடம் இவர்கள் மோசமாக ஆடவில்லை. 1910இல் 18 ஆட்டங்களில் 10 வெற்றி. அந்த அணியில் ஆல்பர்ட் ஹார்ட்காஃப் ஆடினார். மருத்துவம் படித்தவர். பின்னாளில் எம்.சி.ஜி.யில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடி முதல் இன்னிங்ஸில் 80 ரன் எடுத்தவர்.

அப்புறம் 1911 வந்தது.

முந்தைய வருடம் லீக் ஒரு பெரிய அவமானத்தைச் சந்தித்திருந்தது. தோற்பதற்குக் காசு வாங்கினார்கள் என்று கார்ல்டன் கிளப் ஆட்டக்காரர்கள் மேல் குற்றச்சாட்டு எழுந்து, இருவருக்கு 99 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. மேசைக்கு அடியில் பணம் ஓடும்போது யார் யாரிடம் எதற்கு வாங்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? 1911இல் லீக் மறைப்பதை விட்டுவிட்டது. ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கலாம் என்று விதியை மாற்றியது. என் பார்வையில் அது நேர்மையான முடிவுதான். கூலி வேலைக்குப் போகும் ஒருவன் சனிக்கிழமை அடிபட்டால் திங்கட்கிழமை வீட்டில் அடுப்பு எரியாது. அவனுக்குப் பணம் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஒரு விதி பல்கலைக்கழக கிளப்பைத் தனி மரமாக்கியது. மற்ற ஒன்பது கிளப்புகளும் கொடுக்கலாம் என்றான பிறகும், இவர்கள் கொடுக்க மாட்டோம் என்று நின்றார்கள்.

என்ன ஆனது என்பதை எண்களே சொல்லிவிடும். 1908, 1909, 1910 மூன்று வருடங்களில் 54 ஆட்டங்கள், 25 வெற்றி. 1911 முதல் 1914 வரை நான்கு வருடங்களில் 72 ஆட்டங்கள், 2 வெற்றி. 1912இன் மூன்றாவது வாரம் ரிச்மண்டை வென்றதுதான் கடைசி. அந்த வருடம் மிச்சமிருந்த 15 ஆட்டம், 1913இல் 18, 1914இல் 18. கூட்டினால் 51.

பணம் ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதல் மூன்று வருடம் அணியைத் தாங்கிய முதிர்ந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொழிலுக்குப் போனார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்கள் 19, 20 வயதுப் பையன்கள். பரீட்சை வந்தால் ஆள் குறைவு, ஆஸ்பத்திரியில் பயிற்சி நேரம் மாறினால் ஆள் குறைவு. முன்பும் இதே தொல்லைகள் இருந்தன. ஆனால் முன்பு எதிரணியில் இருந்தவனும் ஆட்டம் முடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டியவன். பணம் வந்த பிறகு அந்தப் பக்கம் ஆட்கள் நிலைத்தார்கள், பயிற்சி கூடியது, நல்ல ஆட்டக்காரனை வெளியூரிலிருந்து வரவழைக்க முடிந்தது. இந்தப் பக்கம் மெட்ரிகுலேஷன் சான்றிதழும் சனிக்கிழமை ஓய்வும் இருக்கிறவன் யாரோ அவன்தான் ஆள்.

1911 முதல் இவர்களுக்கு எம்.சி.ஜி.தான் சொந்த மைதானம், மெல்பர்ன் கிளப்போடு பகிர்ந்துகொண்டது. அவ்வளவு பெரிய மைதானத்தில் வாரம் தவறாமல் தோற்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். திங்கட்கிழமை வகுப்புக்குப் போக வேண்டும். சனிக்கிழமை மறுபடி பூட்ஸ் கட்ட வேண்டும். இரண்டு முழு வருடம் ஒரு வெற்றிகூட இல்லாமல், ஆட வருவதற்கு ஒரு பைசாவும் இல்லாமல், ஒவ்வொரு வாரமும் 18 பேர் வந்து நின்றார்கள். 51 என்ற எண்ணைக் கேலியாகச் சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: 51 முறை அணி இறங்கியது.

அந்த இருட்டு வருடங்களில் வெளிச்சமாக இருந்தவர் ராய் பார்க். மருத்துவ மாணவர், ஆள் குட்டை, பின்னாளில் 'லிட்டில் டாக்' என்று செல்லப் பெயர். 1913இல், அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத வருடத்தில், அவர் மட்டும் 53 கோல் அடித்தார். பந்து பெரும்பாலும் எதிரணி உதைக்கும் முனையிலேயே கிடக்கும் ஒரு அணியில், முன்வரிசையில் நிற்பவருக்கு எத்தனை வாய்ப்பு வந்திருக்கும்? வந்ததில் 53.

பார்க்கை கிரிக்கெட் ரசிகர்களுக்கு வேறு ஒரு கதையில் தெரியும். 1920இன் கடைசி நாள் எம்.சி.ஜி.யில் தொடங்கிய டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக. பார்க்குக்கு அதுதான் முதல் டெஸ்ட். சந்தித்த முதல் பந்திலேயே போல்ட். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றதால் இரண்டாவது முறை ஆட வாய்ப்பு வரவில்லை. மறுபடி அணியிலும் எடுக்கவில்லை. பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூல் கீழே விழ, அதை எடுக்கக் குனிந்த அவருடைய மனைவி அந்த ஒரு பந்தைப் பார்க்கவில்லை என்று சொல்வார்கள். அவருடைய மகளைத்தான் பிற்காலத்தில் ஆஸ்திரேலிய கேப்டனான இயன் ஜான்சன் மணந்தார்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. அந்தப் பருவத்தோடு கிளப் லீக்கை விட்டு விலகியது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால், போருக்கு ஆள் போய்விட்டதால் கிளப் நின்றது என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ஒரு பகுதிதான் உண்மை. போர் அறிவித்தபோது 51 தோல்வியில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்திருந்தது. பணம் கொடுக்கும் லீக்கில் பணம் கொடுக்காத கிளப் தாக்குப்பிடிக்காது என்பது ஆகஸ்டுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. பார்க் உட்படப் பலர் அடுத்த வருடம் மெல்பர்ன் கிளப்புக்குப் போனார்கள். அந்த 1915இல் மெல்பர்ன் இறுதிச் சுற்றுக்குள் வந்தது. பையன்களுக்கு ஆடத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

போர் செய்தது வேறு. அது ஆட்களையே எடுத்துக்கொண்டது. கிளப்புக்கு ஆடிய ரூபர்ட் பால்ஃப் 1915 ஏப்ரல் 25ஆம் தேதி, துருக்கியின் கலிப்போலியில் படை இறங்கிய முதல் நாளே கொல்லப்பட்டார். அப்போது அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் மென்சிஸ், பின்னாளில் நாட்டின் பிரதமர், நண்பன் பால்ஃபுக்காக ஒரு கவிதை எழுதினார். டிக் கிப்ஸ் 1916 ஜூலையில் பிரான்ஸின் ஃப்ரொமெல்ஸில். டாக்டர் ஜார்ஜ் எலியட் 1917 செப்டம்பரில், பெல்ஜியத்தின் பாலிகன் வுட் சண்டையில், படைப்பிரிவின் மருத்துவராக இருக்கும்போது. அதே சண்டையை நடத்திக்கொண்டிருந்த பிரிகேடியர் ஜெனரல் 'பாம்பி' எலியட் அவருடைய அண்ணன். இன்னும் பல பெயர்கள் உண்டு. 1913, 1914இல் எடுத்த அணிப் படங்களைப் பார்க்கும்போது ஸ்கோர் ஞாபகத்துக்கு வருவதில்லை.

போருக்குப் பின் கிளப் என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் கொடுக்கச் சம்மதித்திருந்தால் பெரிய லீக்குக்குத் திரும்ப முயன்றிருக்கலாம். கிளப் அந்த வழியில் போகவில்லை. மறுபடியும் அந்தப் பழைய ஜூனியர் சங்கத்தின் பக்கம் வந்தது. அதற்குள் அந்தச் சங்கமும் மாறியிருந்தது. வெஸ்லி கல்லூரியின் தலைமையாசிரியர் லாரன்ஸ் ஆடம்சன் அதன் தலைவராகப் பல வருடம் இருந்தவர். விளையாட்டில் பணம் நுழைவதைக் கடுமையாக எதிர்த்தவர். லீக் பணத்தை அனுமதித்த மறு வருடமே, 1912இல், சங்கம் தன் பெயரில் இருந்த ஜூனியரை எடுத்துவிட்டு அமெச்சூர் என்று வைத்துக்கொண்டது. 1933இல் அது விக்டோரியன் அமெச்சூர் ஃபுட்பால் அசோசியேஷன் ஆயிற்று. ஊரில் 'அம்மோஸ்' என்பார்கள். பழைய மாணவர் கிளப்புகள்தான் அதன் முதுகெலும்பு: ஓல்ட் சேவேரியன்ஸ், ஓல்ட் ஸ்காட்ச், கொலீஜியன்ஸ் என்று பெயர்களிலேயே பள்ளி வாசனை அடிக்கும்.

அதில் ஒரு வருத்தமான பக்கமும் இருக்கிறது. காசில்லாமல் ஆடுவது உயர்ந்தது என்று சொல்ல முடிந்தவர்களில் பெரும்பாலோர் காசு இருக்கும் வீட்டுப் பிள்ளைகள். ரிச்மண்டின் தொழிற்சாலைப் பையனால் அந்தக் கொள்கையைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. இதை மறைத்துவிட்டு அமெச்சூர் பெருமை பேசுவது நியாயமாகாது. அந்தச் சங்கம் இன்று வெவ்வேறு மட்டங்களாகப் பிரிந்து நகரத்தின் பல பகுதிகளுக்கும் பரவியிருக்கிறது. ஆட்டக்காரருக்குப் பணம் இல்லை என்ற விதி மட்டும் மாறவே இல்லை. சுற்றியுள்ள பல உள்ளூர் லீக்குகளில் பணம் கொடுத்து ஆள் இழுக்கும் போட்டி முற்றிப்போய், சம்பள உச்சவரம்பு வைத்துக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. அதை எல்லாம் பார்க்கும்போது அந்தப் பழைய விதியின் அருமை தெரிகிறது.

பல்கலைக்கழகத்திலிருந்து இங்கே ஒன்றுக்கு இரண்டு அணிகள் வந்தன: பிளாக்ஸ், ப்ளூஸ். பழைய சட்டையின் இரண்டு நிறங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்ட மாதிரி. ஒரே மைதானம், ஒரே பல்கலைக்கழகம்; ஆனால் பிளாக்ஸும் ப்ளூஸும் மோதும் நாளில் அந்தச் சொந்தம் எதுவும் செல்லாது.

பிளாக்ஸிலிருந்து ஒருவர் எப்படிப் பெரிய லீக்கின் இறுதி ஆட்டத்துக்குப் போனார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனமில்லை. கோர்ட்னர் என்று ஒரு குடும்பம். டாக்டர் டெட் கோர்ட்னர் லீக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். அவருடைய நான்கு மகன்களும் பின்னர் மெல்பர்ன் கிளப்புக்கு ஆடினார்கள். அவர்களில் டான், அப்பா மாதிரியே டாக்டர், 1946இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். பணம் வாங்காமல் ஆடியவர். 1948இல் டான் மெல்பர்னின் கேப்டன். தம்பி டெனிஸ் அந்த வருடம் முழுக்க பிளாக்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்தார். இறுதி ஆட்டத்துக்கு மெல்பர்ன் அவரைக் கூப்பிட்டது. அமெச்சூர் மைதானத்திலிருந்து நேராக எம்.சி.ஜி.

அக்டோபர் 2ஆம் தேதி. மெல்பர்ன் 10 கோல், 9 பிஹைண்ட். எஸ்ஸன்டன் 7 கோல், 27 பிஹைண்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டும் 69. கம்பத்துக்குப் பக்கத்தில் 27 முறை தவறவிட்ட அணி கோப்பையையும் அப்படியே தவறவிட்டது. லீக் வரலாற்றில் சமனில் முடிந்த முதல் இறுதி ஆட்டம் அது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஆடினார்கள். மெல்பர்ன் 89, எஸ்ஸன்டன் 50. டெனிஸ் அந்த வருடம் லீக்கில் ஆடியது அந்த இரண்டு ஆட்டங்கள்தான்.

பெண்கள் அணியும் இப்போது இந்த வரலாற்றின் பங்காளி. 'முகார்ஸ்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகப் பெண்கள், 2016இல் வி.எஃப்.எல். பெண்கள் போட்டி தொடங்கிய வருடத்திலேயே அதில் இறங்கினார்கள். அதாவது 1914இல் ஆண்கள் விட்டுவிட்டு வந்த லீக்கின் பெயரில், நூறு வருடம் கழித்து, அதே பல்கலைக்கழகத்தின் பெயரோடு மறுபடி ஒரு அணி. அமெச்சூர் சங்கமும் அடுத்த வருடம் தன் பெண்கள் போட்டியைத் தொடங்கியது.

பெரிய லீக்கிலிருந்து தனி கிளப்பாக மறைந்துபோனவை இதுவரை இரண்டுதான். ஒன்று 1914இல் பல்கலைக்கழகம். மற்றொன்று ஃபிட்ஸ்ராய். 1897இல் லீக்கைத் தொடங்கிய எட்டில் ஒன்று, எட்டு முறை கோப்பை வென்றது. கடன் கழுத்தை நெரித்து, 1996இல் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு பிரிஸ்பேனோடு இணைந்தது. அன்று மைதானத்தில் அழுதவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் உடைகிறது. ஆனால் ஃபிட்ஸ்ராய் கிளப் என்ற அமைப்பு கலையவில்லை. ஆட ஓர் அணி வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தது. கிடைத்த அணி, பல்கலைக்கழக ரெட்ஸ் என்று தொடங்கி, ஃபிட்ஸ்ராயின் பழைய பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் மைதானத்துக்குக் குடிபெயர்ந்து, ஃபிட்ஸ்ராய் ரெட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஓர் அமெச்சூர் அணி. இரண்டும் ஒன்றாகி 2009 முதல் ஃபிட்ஸ்ராய் என்ற பெயரிலேயே அமெச்சூர் சங்கத்தில் ஆடுகிறது.

லீக்கில் இடமில்லாமல் போன இரண்டு கிளப்புகளும் இன்று ஒரே சங்கத்தில் இருக்கின்றன. ராயல் பரேடிலிருந்து பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு இடத்திலும் சனிக்கிழமை முக்கால் பாகம் முடிந்து சைரன் ஊதியதும், வேலிக்கு வெளியே இருப்பவர்கள் உள்ளே நடந்து வருகிறார்கள்.